ஆறே சாலையாக இருந்த ஜொகூர்

ஜொகூர் மாநிலத்தின் வரைபடத்தை விரித்து, நெடுஞ்சாலைகளையும் ரயில் பாதையையும் கண்ணிலிருந்து விலக்கிவிட்டுப் பாருங்கள். மிஞ்சி நிற்பவை ஆறுகள். மேற்கே மூவார், பத்து பகாட், பொந்தியான், பூலாய். தெற்கே ஸ்கூடாய், தெப்ராவ், ஜொகூர். கிழக்கே செடிலி, மெர்சிங், எண்டாவ். தீபகற்பத்தின் தென்முனையான இந்த நிலத்துக்கு மூன்று புறமும் கடல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவர் யாரானாலும் கடற்கரையை ஒட்டி வந்து, ஏதோவொரு ஆற்று வாயில் திரும்பித்தான் உள்ளே நுழைந்தார்கள்.

ஆட்சியும் அப்படியே நடந்தது. 1844 முதல் ஜொகூரின் மலாய்த் தலைவர் தெமெங்கோங் இப்ராகிம் சீனப் பயிரிடுவோருக்குக் கொடுத்த அனுமதிப் பத்திரங்கள் ஆற்றை அளவாகக் கொண்டவை. ஓர் ஆறு, அதன் இரு கரைகள், அதற்கு ஒரு தலைவர். அந்தத் தலைவருக்குக் கங்ச்சு என்று பெயர். அவருடைய ஆட்கள் காட்டை வெட்டி மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். தோல் பதனிடக் கம்பீர் வேண்டியிருந்த காலம் அது. விளைந்ததெல்லாம் ஆற்று வழியே சிங்கப்பூருக்குப் போயிற்று. 1917இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. காங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பீர் விட்டுப்போன கரைகளில் கித்தா என்கிற ரப்பர் வந்தது. கித்தாவோடு நாம் வந்தோம். ஜொகூரின் ஊடே ரயில் பாதை 1909இல் முழுமையானது. சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் தரைப்பாலத்தில் 1923இல் சரக்கு ரயில் ஓடியது, 1924 ஜூனில் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. அதற்கு முன் சிங்கப்பூரில் இறங்கி ஜொகூருக்கு வந்த ஒவ்வொரு தமிழரும் தெப்ராவ் நீரிணையைப் படகில் கடந்துதான் வந்திருக்க வேண்டும். நாகப்பட்டினத்துக் கப்பலைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். கப்பல் விட்டு இறங்கிய பிறகு ஏறிய சின்னப் படகைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தமிழர் கதை என்றால் ரயில், லாரி, தார்ச்சாலை, லயத்து வீடு என்றே ஆகிவிட்டது. ஆற்றோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் கதையில் தண்ணீர் இருந்தது. அதை எழுதாமல் விட்டுவிட்டோம் என்ற குறை எனக்கு வெகுநாளாக உண்டு.

என் பிள்ளைப்பருவம் ஜொகூர் ஆற்றங்கரைத் தோட்டமொன்றில் கழிந்தது. அறுபதுகளின் காலம். கோத்தா திங்கிக்குச் செம்மண் பாதை ஒன்று இருந்தது. மழை பிடித்தால் அது இல்லாமலாகிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஆறுதான் வழி. தோட்டத்து ஜெட்டியில் ஒரு மோட்டார் போட் கட்டிக் கிடக்கும். நீண்ட மரப்படகு. நடுவில் அத்தாப்புக் கூரை, பின்னால் யன்மார் டீசல் எஞ்சின். போகும்போது புகையில் காய்ந்த கித்தா ஷீட்டுக் கட்டுகளும் ஒட்டுப்பால் மூட்டைகளும் ஏறும். வரும்போது அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு, உர மூட்டை, கடிதங்கள், சிங்கப்பூரிலிருந்து பழசாகி வந்து சேரும் 'தமிழ் முரசு' நாளிதழ். ஒட்டுப்பாலின் வாடை மூன்று நாளைக்கு உடுப்பில் நிற்கும். இன்று எங்காவது பழைய கித்தாக் கொட்டகைப் பக்கம் போய் அந்த வாடை மூக்கில் பட்டால் எனக்கு ஆறு கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

படகோட்டி ஒரு மலாய்க்காரர். பெரியவர்கள் அவரைத் தைக்கோங் என்பார்கள், நாங்கள் பாக் சிக் என்போம். எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் லயத்து மாமா ஒருவர். தவுக்கே என்ற சீன முதலாளியின் கடைக்குச் சரக்கெடுக்கும் சீன இளைஞர் ஒருவரும் பெரும்பாலும் கூடவே வருவார். மூவரும் பேசிக்கொண்டது சந்தை மலாய். அதில் பாதி எஞ்சின் சத்தத்தில் போய்விடும், மீதியைக் கையால் சொல்லி முடிப்பார்கள். எந்த முகவரியும் இல்லாத மனிதர்களாக அவர்கள் மூவரும் என் மனத்தில் தங்கிவிட்டார்கள். ஆனால் எந்தத் திருப்பத்தில் மணல் மேடு, எந்த மரத்தடியில் முதலை படுக்கும் என்பதை அந்த மூவரும் ஒன்றுபோல அறிந்திருந்தார்கள்.

எப்போது புறப்படுவது என்பதைக் கடிகாரம் சொல்லாது. ஜொகூர் ஆறு ஏறத்தாழ 122 கிலோமீட்டர் நீளம். குனோங் கெமுரோவில் பிறந்து தெற்கே இறங்கி நீரிணையின் கிழக்கு வாயில் கலக்கிறது. அதில் கீழ்ப்பாதி முழுக்கக் கடலின் சொற்படி நடக்கும். தண்ணி ஏறும்போது ஆறு பின்னோக்கிப் போகும், தண்ணி இறங்கும்போது கடலைப் பார்த்து ஓடும். இறங்கும் தண்ணியைப் பிடித்தால் எண்ணெய் மிச்சம், நேரமும் மிச்சம். அதனால் பயணம் சில நாள் விடியலில் இருக்கும், சில நாள் நடுச்சாமத்தில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக ஏறி அதிகமாக இறங்கும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைக் கேட்டு வர அந்த மாமா ஆள் அனுப்புவார். பாக் சிக் தன் பிறைக் கணக்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு கணக்கும் ஒரே நிலவைப் பார்த்துப் போட்டவைதானே, ஒத்துப்போகும். நோன்புக்கும் விரதத்துக்கும் என்று வைத்திருந்த கணக்குகள் படகு விடவும் உதவின.

ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்கு முன் எங்களையும் ஏற்றிக்கொண்டு படகு ஜொகூர் பாருவரை போகும். அந்தப் பயணத்துக்கு நிகராக நான் பிறகு எதையும் கண்டதில்லை.

கிளம்பியதும் நிப்பா. ஆற்றின் இரு கரையிலும் தண்ணீருக்குள்ளிருந்தே நேராக எழும் அந்த ஓலைகள் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். தண்டு சேற்றுக்குள் படுத்திருக்க, ஓலை மட்டும் மேலே. எங்கள் கூரைக்கு அத்தாப்பு அதிலிருந்துதான். அதற்குப் பின்னால் பெரெம்பாங் மரங்கள், கடல் நெருங்க நெருங்க வேரூன்றி நிற்கும் பாக்காவ். சிதம்பரத்துத் தில்லையும் இதேபோல் உவர்ச்சேற்றில் வளரும் மரம் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஆற்று நீர் வரக்காப்பி நிறத்தில் இருக்கும். கையை நீட்டினால் அப்பாவின் அதட்டல் வரும்: "டேய், கைய உள்ள வை. மொதல இருக்குது." உண்மையாகவே இருந்தன. இன்றும் அந்த ஆற்றில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன.

பஞ்சோர், ரந்தாவ் பஞ்சாங் என்று கரையோரக் கம்பங்கள் வரும். மீன் காயும் தட்டிகள், தண்ணீருக்குள் இறங்கும் மரப்படிகள், கையசைக்கும் பிள்ளைகள். ஜொகூர் லாமாவை நெருங்கியதும் பாக் சிக் எஞ்சினைத் தணிக்கச் சொல்வார். ஏன் என்று கேட்டால், பழைய ராஜாக்கள் இருக்கும் இடம் என்பார். மேட்டில் மண்கோட்டையின் கரை தெரியும். பதினாறாம் நூற்றாண்டில் ஜொகூர் சுல்தான்களின் தலைநகர் அது. 1587இல் போர்த்துகீசியக் கப்பல்கள் இதே ஆற்றில் ஏறி வந்து அதைத் தகர்த்துத் தீவைத்தன. கோட்டையை மீட்டுச் சீரமைத்தது 1960இல். மேலே கோத்தா திங்கியில், பல்லக்கில் போகும்போது 1699இல் கொல்லப்பட்ட சுல்தான் மகமூதின் கல்லறை இருக்கிறது. அந்தக் கம்பத்தின் பெயரே கம்போங் மக்காம். ஜொகூருக்குள் தலைநகரை எங்கே மாற்றினாலும் ஆற்றங்கரையை விட்டு அவர்கள் போகவில்லை. ஆறு கைவிட்டால் அரசு இல்லை என்று அறிந்திருந்தார்கள்.

நம் பெயரும் அந்த ஆற்றில் உண்டு. 'செஜாரா மெலாயு' என்ற மலாய்ப் பழங்கதை வரலாற்றில் ராஜா சூலான் என்றொரு அரசன் வருகிறான். சோழனின் நினைவிலிருந்து உருவான பாத்திரம் என்றுதான் அறிஞர்கள் கருதுகிறார்கள். அவன் படையோடு வந்து, ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் கருங்கல் கோட்டையுள்ள ஒரு நகரை வென்றதாகக் கதை. அந்த நகரின் பெயர் சுவடிக்குச் சுவடி மாறுகிறது. லிங்கியு என்ற இன்றைய பெயரோடு அதைப் பொருத்திச் சொல்வோரும் உண்டு. 2005இல் அந்தத் தொலைந்த நகரைப் பற்றி மலேசிய நாளிதழ்கள் பெரிதாக எழுதின. உறுதியான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காதது பற்றி எனக்கு வருத்தமில்லை. மலாய்க் கதைசொல்லி ஒருவர் சோழனை ஆற்று வழியாக உள்ளே கொண்டுவந்தார் என்பது போதும். கதையானாலும் ஜொகூருக்குள் வரும் வழி எது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

தெலுக் செங்காட்டைத் தாண்டும்போது ஆறு அகன்றுவிடும். எதிர்க்கரை நீலமாக மங்கும். கேலோங் எனப்படும் மீன்பிடிக் கூண்டுகள், நடுத் தண்ணீரில் கம்புக்கால்களில் நிற்கும். அங்கிருந்து நீரின் நிறம் மெதுவாக மாறும். கருப்பு வெளுத்துப் பச்சையாகும். முன்னால் தெக்கோங் தீவு. படகு ஆடத் தொடங்கும். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையையும் ஒரு காசையும் தண்ணீரில் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது தன் தாய் அப்படிச் செய்தாளாம். ஆறு கடலைத் தொடும் இடத்தில் அம்மா ஆண்டுதோறும் அதைத் திரும்பச் செய்தாள்.

அங்கே படகு மேற்கே திரும்பும். இடப்பக்கம் சிங்கப்பூரின் உபின் தீவு, கருங்கல் உடைக்கும் வெடிச்சத்தத்தோடு. வலப்பக்கம் பாசிர் கூடாங். அப்போது துறைமுகம் இல்லை, 1977இல்தான் வந்தது. கரையோரம் முழுக்க பாக்காவ் காடும் சின்னக் கம்பங்களும். நீரிணை அகலமான ஆறு போலவே இருக்கும், இரண்டு நாடுகள் அதன் இரு கரை. 1965க்குப் பிறகு அவை தனித்தனி நாடுகள் என்று அப்பா சொன்னபோது, தண்ணீரில் கோடு எங்கே என்று தேடினேன். மதியம் தாண்டி ஜொகூர் பாருவின் படித்துறை வரும். கால் தரையில் பட்ட பிறகும் உடம்பு ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தோடுதான் ஜாலான் உங்கு புவானில் உள்ள ராஜமாரியம்மன் கோயிலுக்குப் போவோம். 1911இல் எழுந்த கோயில். அங்கே சூடம் கொளுத்தி, கடைத்தெருவில் துணி எடுத்து, சொந்தக்காரர் வீட்டில் படுத்து, மறுநாள் ஏறும் தண்ணியில் திரும்புவோம்.

திரும்பும் இரவுக்காகத்தான் எங்களுக்கு உறக்கமே வராது. ஆற்றுக்குள் நுழைந்து வெகுதூரம் போனதும், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். ஒன்று இரண்டல்ல, மரம் முழுக்க. எல்லாம் சேர்ந்து ஒளிரும், எல்லாம் சேர்ந்து அணையும். அந்த மரத்து இலைகளின் மீது ஆண் பூச்சிகள் பெண்ணை அழைக்க ஒரே தாளத்தில் மின்னுகின்றன என்பது அறிவியல். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆயா சொன்னபடி, மின்னும் மரம் எங்கே இருக்கிறதோ அங்கே கரை இருக்கிறது. விளக்கில்லாத ஆற்றில் பாக் சிக் அந்த மரங்களைப் பார்த்தே திருப்பங்களை எடுத்தார்.

ஜொகூர் பாரு படித்துறையில் நின்று மேற்கே பார்த்தால் தரைப்பாலம் கண்ணை மறிக்கும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். "அந்தப் பக்கம் போட்டுல போவ முடியாதாப்பா?" என்று கேட்டதற்கு, "முடியாதுடா தம்பி, அடைச்சுட்டானுங்க" என்று அப்பா சொன்னது எனக்கு நெடுநாள் உறுத்தியது. உண்மையில் 1924இல் அதை முழுதாக அடைக்கவில்லை. ஜொகூர்க் கரையோரம் சிறு படகுகள் கடந்துபோக மதகுக் கால்வாய் ஒன்று வைத்துத்தான் கட்டினார்கள். நீரிணையின் இரு பாதிகளையும் அது இணைத்துக்கொண்டிருந்தது. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடிவைத்துப் பிளந்தபோது அந்த மதகும் போயிற்று. பாலத்தைச் செப்பனிட்டார்கள். மதகைத் திரும்பக் கட்டவில்லை. அன்று முதல் ஜொகூரின் தென்கரை நீர்வழி இரண்டு துண்டு. கிழக்கே ஜொகூர் ஆற்றிலிருந்து புறப்பட்டு மேற்கே பூலாய் ஆறு, குக்குப், பொந்தியான் என்று கரையை ஒட்டியே ஒரே படகில் போயிருக்கக்கூடிய நெடும்பயணம், நான் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. காணாத ஒன்றுக்காக ஏங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், முடியும் என்பதே. முதல் பாதியைக் கண்டவனுக்கு மறுபாதி தெரியும்.

வெடித்த எட்டாம் நாளே அதே நீரிணையில் மோட்டார் படகுகள் ஓடின. பிப்ரவரி 8 இரவு, ஜப்பானியப் படை மடக்குப் படகுகளில் எஞ்சின் பூட்டி மேற்குப் பாதியைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கியது. அந்த ஒரு இரவுப் பயணத்தை உலகம் முழுக்கப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அங்கே அரிசியும் மனிதரும் ஏற்றிப் போன படகுகள் எவர் கணக்கிலும் வரவில்லை.

மேற்குப் பாதியை இளைஞனான பிறகு பார்த்தேன். கேலாங் பாத்தா பக்கத்துத் தோட்டத்தில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சானுக்கு ஆற்று மீன் பிடிப்பதில் பைத்தியம். பெண்டாஸ் படித்துறையில் படகெடுத்துப் பூலாய் ஆற்று வாயில் நுழைவோம். கிழக்கைவிட இங்கே காடு அடர்த்தி. கிளை ஓடைகள் எத்தனை என்று மச்சானுக்கே தெரியாது. அந்த ஓடைகளில் ஓராங் செலத்தார் மக்களைப் பார்ப்போம். ஒரு காலத்தில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள். நீரிணையின் இரு கரையும் அவர்களுக்கு ஒரே வீடு. கரையேறிக் குடியிருக்க வைத்த பிறகும் சிப்பிக்கும் நண்டுக்கும் சேற்றுக்குள் இறங்கியே பிழைத்தார்கள். ஒரு மூதாட்டி எங்கள் படகின் எஞ்சின் ஓசையைக் கேட்டே இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். நாங்கள் அவர்களை ஏழைகள் என்று நினைத்தோம். அந்த நீரைப் பற்றி அவர்களைவிட அதிகம் அறிந்தவர் ஜொகூரில் எவரும் இல்லை என்று இப்போது அழுத்தமாகச் சொல்வேன்.

பூலாய் வாயைத் தாண்டினால் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. முனையைச் சுற்றி வடக்கே திரும்பினால் குக்குப். கால்மரங்கள் மேல் கடலுக்குள் நிற்கும் சீன மீனவர் ஊர். எதிரே ஆளில்லாத சதுப்புத் தீவு, அலையை அது வாங்கிக்கொள்வதால் ஊருக்குத் தீங்கில்லை. தஞ்சோங் பியாயும், குக்குப் தீவும், பூலாயின் 9,126 ஹெக்டேர் சதுப்பும் 2003 ஜனவரி 31 அன்று ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் ஏறின. அதற்கு முன்பே, பூலாய் வாயின் கிழக்குக் கரையில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் 2000இல் முறையாகத் தொடங்கிவிட்டது. இன்று அந்த வாயில் நுழைகிற சின்னப் படகு, பத்து மாடி உயரக் கப்பல்களுக்கு இடையே ஒதுங்கிப் போகிறது. துறைமுகம் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, என் அக்கா மகனும் அங்கேதான் வேலை பார்க்கிறான். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் நிழலில் மிச்சமிருக்கும் பாக்காவ் காட்டை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு.

நீர்வழி என்றால் கரையோரம் மட்டும் இல்லை. குளுவாங் வட்டாரத்தில் செம்புரோங் என்ற பெயரில் இரண்டு ஆறுகள். ஒன்று மேற்கே பத்து பகாட்டை நோக்கியும், மற்றொன்று கிழக்கே எண்டாவை நோக்கியும் போகிறது. தலைப்பகுதிகள் அருகருகே இருப்பதால், பழங்காலத்தில் சிறிது தூரம் நடந்து படகு மாற்றினால் மலாக்கா நீரிணையிலிருந்து தென்சீனக் கடலுக்குப் போய்விடலாம். மூவார் ஆற்றிலும் அப்படி ஒரு வழி. மேலேறிப் போய், ஜெம்போல் பக்கத்தில் படகைத் தரையில் இழுத்து செர்த்திங் ஆற்றில் விட்டால் பகாங் வரை. அந்த இழுவை வழிக்குப் பெனாரிக்கான் என்று பெயர். மலாக்காத் துறையில் கடைபரப்பிய தமிழ் வணிகர்கள் அந்த வழியைக் கேள்விப்படாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கொரு ஆறுதல். மூவார் ஆற்றின் வழியோரத்தில்தான் புக்கிட் கெப்போங். 1950 பிப்ரவரி 23 விடியலில் அங்குள்ள காவல் நிலையம் தாக்கப்பட்டது. அந்த ஊருக்கு அன்று முதன்மையான வழி ஆறுதான். உதவியும் அதன் வழியேதான் வர வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. 1806இல் தனியார் வாய்க்காலாகத் தொடங்கி, கடலுக்கு இணையாக நீண்டு, 1878இல் பக்கிங்காம் என்று பெயர்பெற்ற கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய தோணிகள் சென்னைக்கு வந்தன. நண்பர்களோடு அந்தக் கால்வாயில் இரவுப் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாகவே எழுதினார். சென்னைக்குள் இன்று அந்தக் கால்வாயின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. சென்னைக்காரர்களுக்காவது ஒரு கவிதை கிடைத்தது. ஜொகூர் ஆற்றுப் படகில் போன தமிழர் கூட்டத்துக்கு ஒரு பாட்டும் வாய்க்கவில்லை.

எங்கள் படகு நின்றுபோனதை ஒரு நாளாகச் சொல்ல முடியாது. எழுபதுகளில் செம்மண் பாதையில் தார் விழுந்தது. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக் குலை லாரியில்தான் போக வேண்டும். வெட்டிய பழம் ஆலைக்கு விரைவில் சேராவிட்டால் எண்ணெய் கெடும். அதனால் படகுக்கு வேலை இல்லாமலாயிற்று. தோட்டம் கைமாறியது. லயங்கள் காலியாகி, சனம் மாசாய், பாசிர் கூடாங் என்று தொழிற்சாலைப் பக்கம் பெயர்ந்தது. ஜெட்டியின் கம்புகளை நிப்பா மூடிவிட்டது. 2011இல் கீழாற்றின் மேல் செனாய்–டெசாரு நெடுஞ்சாலைப் பாலம் திறந்தது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர். முன்பு அரை நாள் சுற்றிய தூரத்தைக் காரில் ஓரிரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். பேரப்பிள்ளைகளோடு டெசாரு போகும்போது, ஆறு எந்தப் பக்கம் என்று அவர்களுக்குக் காட்டுவதற்குள் பாலம் முடிந்துவிடுகிறது.

ஆற்றின் மேல்பகுதியில் 1990களில் லிங்கியு அணை. 1962 உடன்படிக்கைப்படி, 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் தண்ணீரைச் சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உவர்நீர் மேலேறாமல் இருக்கக் கோத்தா திங்கி பக்கம் தடுப்பணையும் கட்டியாயிற்று. இன்று ஜொகூர் ஆறு என்றாலே குடிநீர், அளவு, விலை என்றுதான் செய்தி. குடிப்பதற்கு முன்னால் அதில் பயணம் போனோம் என்பது நினைவில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2006 டிசம்பரிலும் அதையொட்டிய ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியபோது, கடைத்தெருவில் மீண்டும் படகுகள் ஓடின. வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் துயரம் கொஞ்சமல்ல. அந்த நாட்களில் வயதான சிலர் மட்டும், எந்தத் தெருவில் நீர் முதலில் ஏறும், எங்கே கடைசியாக இறங்கும் என்று தெளிவாகச் சொன்னார்கள். அந்த அறிவு படகுக் காலத்தினுடையது.

எதற்காக இந்த ஏக்கம் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல பாதை இல்லாமல், மருத்துவரும் இல்லாமல் கிடந்த தோட்டம் அது. பிரசவ வலி கண்ட பெண்ணைப் படகில் ஏற்றி எதிர்த்தண்ணியில் கோத்தா திங்கிக்குக் கொண்டுபோன இரவுகளும் உண்டு, வழியிலேயே முடிந்துபோன உயிர்களும் உண்டு. அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. சாலை வந்தது நல்லது. எனக்கு வேண்டியது, ஒரு நாட்டுக்குள் அதன் ஆற்று வாய் வழியாக மெதுவாக நுழைகிற அந்த வருகை. கரையைப் படித்துக்கொண்டே போகிற நேரம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே கூரையின் கீழ் நனைந்து, ஒரே பாத்திரத்தில் காப்பி குடித்த அந்த மூன்று இனத்து மனிதர்களின் நெருக்கம். சாலையில் நாங்கள் தனித்தனி வண்டிகளில் போகிறோம்.

முழுவதும் போய்விடவில்லை. கோத்தா திங்கியில் மின்மினி காட்டும் படகுகள் ஓடுகின்றன. எண்டாவ் ஆற்றில் கம்போங் பெத்தாவிலிருந்து தேசியப் பூங்காவுக்குள் படகில் போகலாம். இவற்றுக்கெல்லாம் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். ஆனால் கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் லாமா வழியாக ஆற்று வாய் வரை, உள்ளூர்ச் சனம் கட்டணம் கொடுத்து ஏறும்படியாக ஒரு படகுச் சேவையாவது வார இறுதிகளில் ஓட வேண்டும் என்பது என் கோரிக்கை. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஜொகூர் வரலாறு அந்த ஒரு பயணத்தில் வரிசையாக வருகிறது. பள்ளிப் பிள்ளைகளை அதில் ஏற்றுங்கள், பாடப்புத்தகம் தானே விளங்கும்.

இதைப் படிக்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதைத் தொட்டவர்கள் இருந்தால், அவர்கள் தோட்டம் எந்த ஆற்றின் கரையில் இருந்தது என்று கேளுங்கள். ஜெட்டி எங்கே இருந்தது, படகை யார் ஓட்டினார், எந்த நேரத்துத் தண்ணியில் புறப்பட்டார்கள், என்ன ஏற்றினார்கள், எங்கே பயந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கைபேசி போதும். சிங்கப்பூரின் சாங்கி முனையிலிருந்து ஜொகூரின் பெங்கேராங்குக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும் மரப்படகுகள் இருக்கின்றன. கடப்பிதழை எடுத்துக்கொண்டு, அவர்களையும் கைப்பிடித்து அதில் ஏற்றிவிட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் கேள்விகளை ஆரம்பியுங்கள்.